கார் இருக்கை தரும் இடுப்புவலி: நிறுவனத்திடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

பெயரையும் ஊரையும் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டு வாசகி ஒருவர் அனுப்பியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருக்கு வயது 43, உயரம் 153 சென்டிமீட்டர். வேலை நிமித்தம் நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தாமே கார் ஓட்டுகிறார். பழைய காரில் பல ஆண்டுகள் ஓட்டியும் வராத தொந்தரவு, எட்டு மாதங்களுக்கு முன் வாங்கிய புதிய காரில் சில வாரங்களிலேயே தொடங்கிவிட்டது. அரை மணி நேரம் ஓட்டியதும் இடுப்பின் அடிப்பகுதி கனக்கிறது. பிறகு வலது பிட்டத்தில் ஆரம்பிக்கும் குடைச்சல் தொடையின் பின்புறமாக முழங்கால் வரை இறங்குகிறது. வண்டியை நிறுத்திச் சிறிது நேரம் நடந்தால் தணிந்துவிடுகிறது. விடுமுறையில் கார் எடுக்காத நாட்களில் வலியே இல்லை.

டீலரிடம் சொன்னபோது, புது சீட் அப்படித்தான் இருக்கும், போகப்போகப் பழகிவிடும் என்றார்களாம். உற்பத்தி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதியதற்கு, இருக்கை தங்கள் தர அளவுகளுக்கு உட்பட்டே இருக்கிறது, இந்த மாடலில் வேறு யாரும் இப்படிப் புகார் செய்ததில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில், இடுப்பின் நான்காம் ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவில் உள்ள டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக அறிக்கை. தடிமனான ஃபோம் குஷன் ஒன்றையும் முழு இருக்கையையும் மூடும் உறையையும் வாங்கிப் போட்டுப் பார்த்தார். முதல் சில நாள் இதமாக இருந்து, பிறகு பழையபடி ஆகிவிட்டது. இருக்கையைப் பிரித்து ஃபோமை மாற்றித் தருவதாக வெளிக்கடை ஒன்று சொல்லியிருக்கிறது. அவர் கேட்பவை: டிஸ்க் பிதுங்கியதற்கு இந்த இருக்கைதான் காரணமா? அப்படி ஒரு மருத்துவச் சான்றிதழைக் காட்டினால் நிறுவனம் இருக்கையை மாற்றித் தர வேண்டியிருக்குமா? வெளிக்கடையில் மாற்றிக்கொள்ளலாமா? இல்லை, காரை விற்றுவிடுவதுதான் வழியா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வலி மனப்பிரமை அல்ல. ஓட்டும்போது வருவது, இறங்கி நடந்தால் தணிவது, கார் எடுக்காத நாட்களில் தலைகாட்டாமல் இருப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், உட்காரும் நிலையால் தூண்டப்படும் வலி இது என்பது தெளிவாகவே தெரிகிறது. வேறு யாரும் சொல்லவில்லை என்பது உங்கள் புகாருக்குப் பதிலாகாது. ஒரே இருக்கை 180 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்குச் சுகமாகவும் உங்களுக்கு வேதனையாகவும் அமைவது முற்றிலும் இயல்பான ஒன்று. முதுகெலும்பு, மறுவாழ்வுச் சிகிச்சைத் துறையில் வேலை செய்யும் நாங்கள் எல்லோரும் இதை அடிக்கடி பார்க்கிறோம். ஆனால், நிறுவனத்தை அணுகுவதற்கு நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் வழி உங்களுக்கு எதிராகவே திரும்பிவிடக்கூடும் என்பதால், அதை முதலில் பேசிவிடுவோம்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையை முன்னிறுத்தாதீர்கள்

டிஸ்க் பிதுக்கம் என்று அறிக்கையில் படித்ததும் எல்லோருக்கும் அச்சம் வருகிறது, வருவது நியாயம். ஆனால் 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும், 40 வயதினரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் இதே பிதுக்கம் இருப்பது தெரிந்தது. ஆகவே உங்கள் டிஸ்க் இந்தக் கார் வருவதற்கு முன்பே அப்படி இருந்திருக்கலாம். எட்டு மாதங்களில் இந்த இருக்கைதான் அதைப் பிதுக்கியது என்று நேர்மையான எந்த மருத்துவரும் கையெழுத்திட முடியாது. முந்தைய ஸ்கேன் ஒன்று இருந்தால்கூட அந்த முடிவுக்கு வருவது கடினம்.

யாராவது இரக்கப்பட்டு அப்படி எழுதிக் கொடுத்தாலும் நிறுவனத்தின் தரப்பு முதலில் பிடித்துக்கொள்வது அந்த வரியைத்தான். வயதுக்கேற்ற மாற்றம் என்று ஒரு நிபுணர் கருத்தை வாங்கி வைத்துவிட்டால், நியாயமான உங்கள் குறை முழுவதும் உங்கள் முதுகின் குறையாக மாறிவிடும். நீங்கள் நிரூபிக்க வேண்டியது டிஸ்க்கின் வரலாற்றை அல்ல. அந்த இருக்கையில் சரியாக உட்கார உங்களால் முடியவில்லை என்பதைத்தான். அதை அளந்து காட்டலாம்.

இருக்கை உங்களை என்ன செய்கிறது

கடிதத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. முதுகை முழுக்கச் சாய்த்து உட்கார்ந்தால் சீட்டின் முன்விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்துகிறது, அதனால் சற்று முன்னால் தள்ளியே உட்காருகிறேன் என்கிறீர்கள். உங்கள் தொடை நீளத்துக்கு இருக்கையின் ஆழம் கூடுதலாக இருக்கிறது என்பதற்கு இது வலுவான அறிகுறி. முன்னால் தள்ளி உட்கார்ந்ததும் இடுப்புக்கும் சாய்மானத்துக்கும் நடுவே வெற்றிடம் விழுகிறது. இடுப்பெலும்பு பின்பக்கமாகச் சரிகிறது. கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகிறது. தசைகளும் தசைநார்களும் மணிக்கணக்கில் இழுபட்ட நிலையிலேயே இருக்க, உடலின் எடை தொடைகளில் பரவாமல் பிட்டத்தின் அடியில் குவிகிறது. வலது கால் முடுக்கியின் மேல் ஒரே கோணத்தில் நிற்க வேண்டியிருப்பதால் அந்தப் பக்கத்தை அசைத்து எடையை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. குடைச்சல் வலப்பக்கத்தில் மட்டும் இறங்குவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இத்துடன் அதிர்வும் சேர்கிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடலின் மேற்பகுதி, நொடிக்கு 4 முதல் 6 தடவை வரையிலான செங்குத்து அதிர்வுக்கு மிக அதிகமாக உடன் அதிரும். ஓடும் கார் அனுப்பும் அதிர்வில் இந்த அளவுகளும் அடங்கும். வீட்டு நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார முடிகிறதே, காரில் மட்டும் ஏன் முடியவில்லை என்று நீங்கள் கேட்டிருப்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காரை நிறுத்தி, குஷனை எடுத்துவிட்டு, பிட்டம் சாய்மானத்தின் அடியைத் தொடும்வரை பின்னால் தள்ளி உட்காருங்கள். முழங்கால் மடிப்புக்கும் இருக்கையின் முன்விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இருக்கை உங்களுக்கு ஆழமானது. அடுத்து, உள்ளங்கையை முதுகுக்குப் பின்னால் விட்டு, சாய்மானத்தின் புடைப்பு எந்த இடத்தில் முட்டுகிறது என்று பாருங்கள். பெல்ட் கட்டும் இடத்தை ஒட்டி அது இருக்க வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கு அதே புடைப்பு கீழ்விலா எலும்புகளின் அருகே முட்டி மேல்முதுகை முன்னால் தள்ளும்; அப்போது அது தாங்குதலாக இல்லாமல் இடைஞ்சலாகிவிடுகிறது.

இன்னொரு திருத்தமும் தேவைப்படுகிறது. வலிக்கிறது என்பதால் சாய்மானத்தைச் செங்குத்தாக நிமிர்த்தி ஓட்டுவதாகச் சொல்கிறீர்கள். 1970களில் ஸ்வீடனில் டிஸ்க்கின் உள்ளழுத்தத்தை நேரடியாக அளந்து பார்த்த ஆய்வுகள், சாய்மானம் சற்றுப் பின்னால் சாயும்போதும் கீழ்முதுகுக்குத் தாங்குதல் இருக்கும்போதும் அழுத்தமும் தசைகளின் உழைப்பும் குறைவதைக் காட்டின. அடிக்குஷனுக்கும் சாய்மானத்துக்கும் இடையில் 100 முதல் 110 பாகை வரையிலான கோணம் பெரும்பாலோருக்கு ஒத்துவரும். சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முதலில் பிட்டத்தைப் பின்னால் தள்ளுங்கள். இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்துபோகாத அளவுக்கு இருக்கையை உயர்த்துங்கள். முன்விளிம்பைத் தாழ்த்தும் வசதி இருந்தால் தாழ்த்துங்கள். பெடலை அடிவரை மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும் தூரத்துக்கு இருக்கையை நகர்த்துங்கள். அதன் பிறகே சாய்வு, கடைசியில் ஸ்டீயரிங். மார்பெலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையில் குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்; உள்ளேயிருந்து விரியும் ஏர்பேக்குக்கு அந்த இடம் தேவை. ஹெட்ரெஸ்டின் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலையின் மட்டத்துக்கு வரட்டும். ஒரு வாரமாவது இப்படி ஓட்டிப் பார்த்து, எத்தனை நிமிடத்தில் வலி தொடங்குகிறது என்று நாள்தோறும் குறித்து வையுங்கள். குறைந்தால் நல்லது, குறையாவிட்டால் அந்தக் குறிப்பே உங்கள் முதல் ஆதாரம்.

குஷனையும் உறையையும் எடுத்துவிடுங்கள்

மெத்தென்று இருந்தால் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தடிமனான மென்மையான குஷன் முதலில் இதமாக இருக்கும். சிறிது நேரத்தில் எடை தாங்காமல் அமுங்கி, இடுப்பெலும்பை மேலும் பின்னால் சரியவிடும். இதைவிடப் பெரிய கவலை பாதுகாப்பு. சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் படிந்திருக்க வேண்டும். மோதலின்போது மென்மையான குஷன் நசுங்கினால், உடல் பட்டைக்கு அடியில் வழுக்கிச் சென்று பட்டை வயிற்றில் ஏறிவிடும் ஆபத்து உண்டு. முழு உறையிலும் இதே கவலைதான். பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் முன்னிருக்கைச் சாய்மானத்தின் ஓரத்திலேயே பொதிந்திருக்கிறது. ஏர்பேக் பிரித்துக்கொண்டு வெளிவருவதற்கான தையல் இல்லாமல் அந்த ஓரத்தை மூடும் உறை அது விரிவதைத் தடுக்கலாம். உங்கள் காரின் கையேட்டில் இதைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

தற்காலிகத் தாங்குதல் வேண்டுமென்றால், சிறிய துண்டை மெல்லிய சுருளாகச் சுருட்டிக் கீழ்முதுகின் உள்வளைவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நழுவாமலும், பெல்ட்டின் பாதையில் குறுக்கிடாமலும் இருந்தால் போதும்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியது

வாரண்டி என்பது பொதுவாகப் பொருளிலும் தயாரிப்பிலும் உள்ள குறைபாட்டுக்குத்தான். வசதியாக இல்லை என்பதற்கு அல்ல. உங்கள் முதல் கடிதம் இரண்டு வரிப் பதிலோடு முடிந்துபோனதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ‘சீட் வசதியாக இல்லை, முதுகு வலிக்கிறது’ என்றால் அவர்கள் கை வைக்க எதுவும் இல்லை. அதே குறையை இரண்டாகப் பிரித்துக் கேட்டால் நிலைமை மாறும்: இந்த இருக்கை பழுதாகியிருக்கிறதா? பழுதில்லை என்றால் இது என் உடலளவுக்கு ஒத்துவர என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?

முதல் கேள்விக்கு, உங்கள் இருக்கையை அதே மாடலின் இன்னொரு காரோடு ஒப்பிட வேண்டும். ஷோரூமில் உள்ள மாதிரிக் காரில் கால்மணி நேரம் உட்காருங்கள். முடிந்தால் சோதனை ஓட்டத்துக்குக் கேளுங்கள். பிறகு இரண்டு கார்களிலும் இருக்கையின் குறுக்கே தட்டையான பலகை ஒன்றை வைத்து, கைப்பேசியில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியால் ஒரு பக்கம் சரிந்திருக்கிறதா என்று பார்த்துப் படமெடுங்கள். கைமுட்டியால் இடமும் வலமும் அழுத்திப் பாருங்கள். ஃபோம் ஒரு பக்கம் மட்டும் அமுங்கியிருப்பது, அடியில் தாங்கும் கம்பிச் சுருளோ வலையோ கொக்கி கழன்றிருப்பது, இருக்கை ஓடும் தண்டவாளத்தில் ஆட்டம் இருப்பது, காற்றால் புடைக்கும் கீழ்முதுகுத் தாங்குதல் சிறிது நேரத்தில் இறங்கிவிடுவது ஆகியவை அசௌகரியங்கள் அல்ல, பழுதுகள். எட்டு மாதக் காரில் இவற்றில் ஒன்று இருந்தாலும் வாரண்டியில் சரிசெய்து தரும்படி கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். ஜாப் கார்டில் குறையை உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லி, அதன் நகலை வாங்குங்கள். பார்த்தோம், குறை இல்லை என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள். எதை, எப்படி அளந்தார்கள் என்பதையும் சேர்த்து.

பழுது இல்லை என்று தெரிந்தால் இரண்டாம் கேள்வி மீதமிருக்கிறது. உரிமை என்ற அளவில் இங்கே உங்கள் நிலை பலம் குறைந்தது. ஆனால் கேட்பதற்கு நல்ல அடிப்படை இருக்கிறது. மோதல் சோதனைகளில் பயன்படும் சிறிய பெண்ணுருவப் பொம்மையின் உயரமே ஏறத்தாழ 150 சென்டிமீட்டர்தான். அதைவிட உயரமான நீங்கள், வடிவமைப்பாளர்கள் கணக்கில் எடுத்திருக்க முடியாத விதிவிலக்கு அல்ல. கடிதத்தின் மையப்பகுதி இப்படி அமையலாம்:

‘என் உயரம் 153 செ.மீ. பிட்டத்தின் பின்முனையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை என் அளவு இவ்வளவு. ஓட்டுநர் இருக்கையின் ஆழம் இவ்வளவு. பின்னால் சாய்ந்து உட்காரும்போது முன்விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்துவதைப் படத்தில் காணலாம். கையேட்டில் உள்ளபடி எல்லாச் சரிசெய்தல்களையும் செய்து பார்த்த நாட்களின் குறிப்பை இணைத்திருக்கிறேன். என் காரில் பொருத்தக்கூடிய, ஆழம் குறைந்த அல்லது முன்விளிம்பைத் தாழ்த்தக்கூடிய இருக்கை இந்த மாடலின் வேறு வகையில் உள்ளதா? இந்த இருக்கையின் ஃபோமோ தாங்குதலோ பிற்பாடு திருத்தி வெளியிடப்பட்டிருக்கிறதா? உங்கள் தொழில்நுட்பப் பொறியாளர் ஒருவர் என்னை அந்த இருக்கையில் உட்காரவைத்து நேரில் பார்க்க வேண்டுகிறேன்.’

கடைசி வேண்டுகோளை விடவே விடாதீர்கள். வாடிக்கையாளர் சேவையில் பதில் எழுதுபவருக்கு எதையும் மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. களத்துக்கு வரும் பொறியாளரின் அறிக்கைதான் உள்ளே நகரும். நிறுவனங்கள் அவ்வப்போது உதிரிபாகங்களைத் திருத்தி, டீலர்களுக்கு மட்டும் தொழில்நுட்பச் சுற்றறிக்கை அனுப்புவதும் உண்டு. கேட்காதவருக்கு அது தெரிய வராமலே போகலாம். கட்டாயம் இல்லாவிட்டாலும் நல்லெண்ணத்தின் பேரில் செலவில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன. மிரட்டல் தொனியில் எழுதப்பட்ட கடிதம் அந்தக் கதவை முதலிலேயே அடைத்துவிடும்.

மருத்துவச் சான்றிதழுக்கு இங்கே இடமுண்டு, வேறு விதமாக. உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம், காரணம் பற்றிய தீர்ப்பைக் கேட்காமல், செயல்திறன் பற்றிய குறிப்பைக் கேளுங்கள். இன்ன உடலளவு கொண்ட இவருக்கு, உட்காரும்போது கீழ்முதுகுத் தாங்குதலும் முழங்காலின் பின்புறம் அழுத்தமின்மையும் தேவை; தற்போதைய இருக்கையில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவது அறிகுறிகளைத் தூண்டுகிறது. இந்த இரண்டு வரிகளை எந்த மருத்துவரும் தயக்கமின்றி எழுதித் தரலாம். எந்த நிபுணரும் எளிதில் மறுக்க முடியாது.

எழுத்தில் பழுது உறுதியாகியும் நிறுவனம் சரிசெய்ய மறுத்தால், உங்கள் நாட்டின் நுகர்வோர் சட்டத்தை அறிந்த வழக்கறிஞரிடம் போங்கள். வாரண்டிக் காலம் முடிவதற்குள் எழுத்துப்பூர்வமான புகார் பதிவாகியிருக்க வேண்டும் என்பதை மட்டும் இப்போதே மனத்தில் வையுங்கள்.

வெளிக்கடை வேலை

புகார் நிலுவையில் இருக்கும்போது இருக்கையைப் பிரிக்கவே வேண்டாம். பிரித்த மறுநாளே உங்கள் ஆதாரம் போய்விடும். இருக்கையின் வாரண்டியும் போகக்கூடும். நிறுவனம் இறுதியாகக் கைவிரித்த பிறகு அந்த வழிக்குப் போனால், ஏர்பேக்கும் சென்சாரும் உள்ள இருக்கைகளில் வேலை செய்து பழகியவரா என்று கேட்டறிந்து, சாய்மானத்தைத் தொடாமல் அடிக்குஷனின் முன்பகுதியை மட்டும் தாழ்த்திச் சரிவாக்கித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் உங்களுக்கு அவ்வளவே தேவைப்படும். பல கார்களில் முன்பயணி இருக்கையின் அடியில், அமர்ந்திருப்பவரின் எடையை அறிந்து ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் சென்சார் இருக்கிறது. அந்த இருக்கையின் மேல் யாரும் கைவைக்க வேண்டாம்.

உடம்பைக் கவனிக்க வேண்டியது

இவை நடந்து முடியச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடங்கள். வலி வந்த பிறகு நிறுத்துவதைவிட வருவதற்கு முன் நிறுத்துவது பலன் தரும். இடுப்பு, பிட்டத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாவற்றையும் இருக்கையின் தலையில் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. வலி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை இறங்குவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தளர்வது, ஓய்விலும் இரவிலும் விடாமல் வலிப்பது, காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்வது ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தொடைகளின் நடுவிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டை மீறினாலோ, அன்றே, அந்த மணி நேரத்திலேயே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

காரை விற்பது பற்றி: பொறியாளர் நேரில் பார்த்து, பழுதில்லை, மாற்று இருக்கையும் இல்லை என்று எழுத்தில் சொல்லிவிட்டால், முன்பகுதியைத் தாழ்த்திப் பார்த்தும் பலனில்லை என்றால், விற்பதில் தயங்க வேண்டாம். வண்டி மேல் போட்ட பணத்தை நினைத்து நாள்தோறும் இரண்டு மணி நேர வலியைத் தாங்கிக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த காரைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையும் தோலுறையையும் பார்க்காமல், முழங்காலுக்குப் பின்னால் விரல்களை நுழைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள். இருக்கையின் உயரமும் அடிக்குஷனின் சாய்வும் தனித்தனியே மாறுகின்றனவா என்று பாருங்கள். பெடல்கள் இருக்கைக்கு நேராக இருக்கின்றனவா, ஒரு பக்கம் ஒதுங்கி இடுப்பைத் திருப்ப வைக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். பத்து நிமிடச் சோதனை ஓட்டத்தில் உங்களுக்கு வலி வராது. குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டத் தரும்படி கேளுங்கள். மறுத்தால், அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.